பழைய மருந்து, புதிய ஆய்வு, ஃபுட் பாய்சன்: மருந்துக்கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

கேரளத்துச் சித்தூர் வட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களின் மருந்துக்கடைகளுக்கு வரும் சீட்டுகளில் சிலவற்றைப் பாலக்காட்டு மருத்துவர்கள் எழுதியிருப்பார்கள். சிலவற்றைப் பொள்ளாச்சியிலோ கோவையிலோ உள்ளவர்கள் எழுதியிருப்பார்கள். கைப்பேசியில் வரும் மருத்துவச் செய்திகளும் அவ்வாறே மலையாளத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக வந்து சேருகின்றன. "அம்பது வருசத்து மருந்து ஒண்ணு ஃபுட் பாய்சன் கிருமியைக் கொல்லுதாமுங்க, உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்று ஒருவர் திரையை நீட்டிக் கேட்கும்போது, வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அச்செய்தி பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. அதனால்தான் அதைக் கையாள்வது கடினமாக இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஃபாஸ்ஃபோமைசின் என்னும் மருந்தையும் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவையும் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை வளர்க்கும் தட்டில் தோற்ற மருந்து உடலுக்குள் வேலை செய்யலாம் என்று இவ்விரண்டைப் பற்றிய ஆய்வு ஒன்று காட்டியது. பொதுவாக நடப்பது இதற்கு நேர்மாறானது. ஆகவே இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற செய்திகளை எடைபோடுவது எளிதாகிவிடும்.

முதல் படி: கிருமியின் பெயரைக் கேளுங்கள்

ஃபுட் பாய்சன் என்பது ஒரே நோயின் பெயரன்று. சமைத்துவிட்டு வெளியிலேயே வைத்திருந்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸும், கையிலுள்ள புண்ணிலிருந்து உணவில் சேரும் ஸ்டெஃபைலோகாக்கஸும் உணவிலேயே நஞ்சை உண்டாக்கிவிடுகின்றன. உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் எளிதில் அழியாது. அங்கே நோயைத் தருவது உயிருள்ள பாக்டீரியா அன்று, அது விட்டுச்சென்ற நஞ்சு; ஆகவே எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதற்கு உதவாது. சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் வேறு வகை. அவை குடலுக்குள் சென்று பெருகுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கின்றன, காய்ச்சலைத் தருகின்றன. ஷிகெல்லா இரத்தக் கழிச்சலையும் தரும். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்டவர்களில் ஒரு மாணவி இறந்தபோது கண்டறியப்பட்டது ஷிகெல்லாதான். அதன்பின் 2023 ஜனவரியில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குக் கேரளம் தடை விதித்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்கு அதே தடையைக் கொண்டுவந்தது.

இவற்றுள் எதனோடும் சேராதது லிஸ்டீரியா. வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும் நோயாக அது சிலருக்கு அமையலாம். ஆனால் கருவுற்ற பெண்கள், பிறந்த குழந்தைகள், 65 வயதைக் கடந்தவர்கள், புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் ஆகியோரிடம் அது குடலைத் தாண்டி இரத்தத்துக்கும் மூளை உறைக்கும் கருவுக்கும் சென்றுவிடுகிறது. அவ்வாறு சென்ற பிறகு, சிகிச்சை அளித்தாலும் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை இறக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் பதப்படுத்திய இறைச்சியால் பரவியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உண்ட நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே சில நாட்கள் முதல் 70 நாட்கள் வரை செல்லக்கூடும் என்பதால், "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்ற நமது வழக்கமான கேள்வி இங்கே பயன்படாது.

இன்னொரு தன்மையும் இதற்கு உண்டு. மற்ற பாக்டீரியாக்கள் பலவும் ஒடுங்கிக் கிடக்கும் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே இது மெதுவாக வளரும். காய்ச்சிய பாலில் இது உயிரோடிருக்காது. காய்ச்சாத பால், அந்தப் பாலில் செய்த மென்மையான சீஸ், வாங்கி நாள்கணக்கில் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சூடாக்காமல் உண்ணும் இறைச்சி, நறுக்கி வைத்த பழம் ஆகியவையே இதற்கு வழியாகின்றன. நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சும் பழக்கம் இருப்பது நல்லதே. ஆனால் கறந்த பாலை அப்படியே குடித்தால்தான் சத்து என்று சொல்லும் பெரியவர்கள் மாடு வளர்க்கும் வீடுகளில் இன்றும் உண்டு. அவ்வீட்டில் கருவுற்ற மருமகள் இருந்தால் அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: மருந்து இன்று எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள்

"பழைய மருந்து" என்ற சொல்லைக் கேட்டவுடன் மக்கள் மனதில் கைவிடப்பட்ட ஒரு பொருள் தோன்றுகிறது. ஃபாஸ்ஃபோமைசின் கைவிடப்பட்டதன்று. ஸ்பெயின் நாட்டு மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1969இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டத் தொடங்கும் முதற்கட்ட வேலையைச் செய்யும் நொதியை இது முடக்குகிறது. பென்சிலின் கடைசிக்கட்ட வேலையைத் தடுப்பது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் திசுக்களுக்குள் நன்றாக ஊடுருவுகிறது.

நம் அலமாரியில் இது 3 கிராம் மருந்து கொண்ட தூள் அடங்கிய சாஷேயாக இருக்கும். பெண்களுக்கு வரும் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்றுக்கு ஒரே வேளையாகத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுப்பது. அவ்வாறு குடித்த மருந்து சிறுநீரில் அடர்த்தியாகச் சேர்ந்து ஓரிரு நாட்கள் நிற்கும். இரத்தத்தில் அந்த அளவு சேராது. கடுமையான தொற்றுகளுக்கு மருத்துவமனையில் நரம்பின் வழியே ஏற்றும் வடிவம் தனியாக உண்டு. உலக சுகாதார அமைப்பின் ஆன்டிபயாட்டிக் வகைப்பாட்டில் குடிக்கும் வடிவம் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய பிரிவிலும், நரம்பில் ஏற்றும் வடிவம் வேறு வழியில்லாதபோது மட்டும் எடுக்க வேண்டிய இருப்புப் பிரிவிலும் வைக்கப்பட்டுள்ளன. ஒரே பெயர்கொண்ட இரண்டும் ஒரே மருந்தாகாது என்பதை இப்போதே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். கடைசியில் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய பதில் இதில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: சோதனை எங்கே நடந்தது என்று கேளுங்கள்

இந்தப் படியில் சற்று நின்று செல்ல வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், நானும் தவறியிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், நோயாளியின் கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துத் தரும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரு மருந்தின் எதிரே "எதிர்ப்புத்திறன் உண்டு", அதாவது கிருமி அதற்குப் பணியாது, என்று இருந்தால் அதுவே இறுதித் தீர்ப்பு என்று எண்ணியிருந்தேன். அந்தத் தீர்ப்பு ஊட்டக்கூழ் பூசிய ஒரு தட்டில் வழங்கப்பட்டது என்பதும், தட்டு மனித உடலன்று என்பதும் எனக்கு யாரும் சொல்லித் தராதவை.

லிஸ்டீரியாவைத் தட்டில் வளர்த்து அதன்மீது ஃபாஸ்ஃபோமைசினை வைத்தால், பாக்டீரியா சாவதில்லை. அதன் மரபணுத் தொகுதியிலேயே ஃபாஸ்-எக்ஸ் என்ற நொதிக்கான மரபணு பிறவியிலேயே இருக்கிறது. உள்ளே வரும் மருந்தை அந்த நொதி உடைத்துப் பயனற்றதாக்கிவிடுகிறது. நோய் தரும் லிஸ்டீரியாவிலும் தராத லிஸ்டீரியாவிலும் இது உண்டு. தட்டுச் சோதனையை மட்டும் பார்ப்பவர் இந்த மருந்தை லிஸ்டீரியாவுக்கான பட்டியலிலிருந்தே அடித்துவிடுவார். நெடுங்காலம் நடந்ததும் அதுவே.

ஹோசே வாஸ்கெஸ்-போலாண்ட் தலைமையிலான குழு 2006இல் நேச்சர் மெடிசின் இதழிலும், அக்குழு எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் பிளாஸ் ஜெனிட்டிக்ஸ் இதழிலும் வெளியிட்ட கட்டுரைகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. லிஸ்டீரியா நம் உடலில் வெளியே மிதந்துகொண்டிருப்பதில்லை. நம் செல்களுக்கு உள்ளே புகுந்து அங்கேயே பெருகுகிறது. உள்ளே புகுந்தவுடன் பி.ஆர்.எஃப்.ஏ. என்ற மேலாள் புரதம் விழித்துக்கொண்டு, நோய் உண்டாக்குவதற்கான மரபணுக்களையெல்லாம் ஒருசேர இயக்குகிறது. இந்தப் புரதம் வெப்பத்தையும் பார்த்தே உருவாகிறது: குளிரில் ஏறக்குறைய அடங்கிக் கிடந்து, 37 டிகிரியில், அதாவது நம் உடல் வெப்பத்தில், உற்பத்தியாகத் தொடங்குகிறது. அது இயக்கும் மரபணுக்களுள் ஒன்றுதான் எச்.பி.டி. நம் செல்லுக்குள் கிடக்கும் பாஸ்பேட் ஏறிய சர்க்கரையை உறிஞ்சிக்கொள்வதற்காகப் பாக்டீரியா தன் மேலுறையில் திறந்துவைக்கும் வாயில் அது. ஃபாஸ்ஃபோமைசினும் அதே வாயில் வழியாக நுழைந்துவிடுகிறது.

மீனாட்சிபுரத்துப் பால் சோதனைச் சாவடியைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். நாளொன்றுக்கு நாலு வண்டி வந்தால், ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்துக் கெட்ட பாலை அங்கேயே கொட்டிவிட ஓர் ஆள் போதும். பால் வேண்டும் என்ற ஆசையில் ஊரே இன்னும் பத்துப் பாதைகளைத் திறந்துவிட்டால், அந்த ஓர் ஆள் என்ன செய்வார்? ஃபாஸ்-எக்ஸ் நொதி அந்த ஆள். சர்க்கரைக்காகத் திறந்த வாயில் அந்தப் பாதைகள். நொதி உடைக்கும் வேகத்தைவிட மருந்து நுழையும் வேகம் கூடிவிடுகிறது. எந்த மரபணுக்களால் லிஸ்டீரியா நோயை உண்டாக்குகிறதோ, அவையே மருந்துக்கும் கதவைத் திறக்கின்றன. தட்டில் இந்த வாயில் மூடியிருக்கிறது. அதனால் அங்கே மருந்து தோற்கிறது. தொற்றின் சூழலிலோ, எதிர்ப்பு மரபணு இருந்தபோதிலும், பெரும்பாலான லிஸ்டீரியா வகைகள் மருந்துக்குப் பணிகின்றன என்பதே 2018ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவு.

இந்த விளக்கத்தில் எனக்குப் பிடித்தது, எதிர்ப்புத்திறன் என்பது பாக்டீரியாவின் நெற்றியில் ஒட்டிய சீட்டன்று, அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை அது காட்டியதுதான். ஆனால் இதைத் திருப்பிப்போட்டு, "தட்டில் தோற்றால் என்ன, உடம்பில் கேட்கும்" என்று எல்லா மருந்துக்கும் பொருத்திவிடாதீர்கள். தட்டில் கொன்று உடலில் தோற்ற மருந்துகளே மிகுதி. செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் பல கிருமிகளிடம் வலிமையானவை. லிஸ்டீரியாவிடம் தட்டிலும் தோற்கின்றன, உடலிலும் தோற்கின்றன.

நான்காம் படி: மூலக் கட்டுரையைத் திறந்து பாருங்கள்

பிளாஸ் ஜெனிட்டிக்ஸ் கட்டணமின்றி யாரும் படிக்கக்கூடிய இதழ், கைப்பேசியிலேயே திறந்துவிடலாம். செய்தியில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரையும் மருந்தின் பெயரையும் கிருமியின் பெயரையும் மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் இட்டால் கட்டுரை வந்து நிற்கும். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. சுருக்கத்தில் "மனிதர்கள்", "நோயாளிகள்" என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று முதலில் பாருங்கள். ஒருமுறைகூட வராவிட்டால், சொல்லப்படுவது பாக்டீரியாவையோ செல்லையோ ஆய்வக விலங்கையோ பற்றியது. அடுத்துக் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். நான் மேலே சொன்ன கட்டுரை, லிஸ்டீரியா சிகிச்சையில் இந்த மருந்தைச் சேர்ப்பதற்கான நியாயத்தைத் தருகிறது என்ற அளவோடு நின்றுகொள்கிறது. "குணப்படுத்துகிறது" என்று அது கூறவில்லை. வாட்ஸ்அப்பில் வந்து சேர்வதற்குள் நியாயம் மருந்தாகவும் மருந்து குணமாகவும் மாறிவிடுகிறது.

இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேடு (சி.டி.ஆர்.ஐ.) 2007இலிருந்து இயங்கிவருகிறது. நோயாளிகளிடம் ஒரு மருந்து சோதிக்கப்படுகிறதா என்பதை அதில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: இன்றைய சிகிச்சை எது என்று தெரிந்துவைத்திருங்கள்

லிஸ்டீரியா உறுதியானால் மருத்துவமனைகளில் முதலில் கொடுக்கப்படுவது ஆம்பிசிலின். கடுமையான நிலையில் அதோடு ஜென்டாமைசினும் சேர்க்கப்படும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கோ-டிரைமாக்சசோல் மாற்றாகிறது. கருவுற்ற பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாமா என்பதை மருத்துவரே எடைபோட வேண்டும். மூளைக் காய்ச்சல் என்று சந்தேகித்துச் செஃப்ட்ரியாக்சோன் மட்டும் தொடங்கப்பட்ட முதியவருக்கு லிஸ்டீரியா இருந்தால் அது கேட்காது; ஆகவேதான் வயதானவர்களுக்கு மருத்துவர்கள் ஆம்பிசிலினையும் உடன் சேர்க்கிறார்கள். ஆம்பிசிலின், ஜென்டாமைசின், கோ-டிரைமாக்சசோல் ஆகியவையும் 1960களிலிருந்து இருக்கும் பழைய மருந்துகளே. செய்தியாக வராத பழைய மருந்துகள்.

ஆறாம் படி: முன்னால் நிற்பவருக்குப் பதில் சொல்லுங்கள்

சாஷேயை எடுத்துக் கொடுக்கக்கூடாது. அது லிஸ்டீரியாவுக்கும் பயன்படாது, சாதாரண வயிற்றுப்போக்குக்கும் தேவையில்லை. சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்கக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 தொடக்கத்தில் ஆபரேஷன் அம்ருத் என்ற நடவடிக்கையைத் தொடங்கியதிலிருந்து, "இங்க தரலைன்னா எல்லையைத் தாண்டி வாங்கிக்கிறேன்" என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் இரு மாநிலங்களுக்கும் ஒன்றுதான் என்பதைச் சண்டையிடாமல் சொல்லுங்கள். "அந்த ஆராய்ச்சி நெசந்தானுங்க, ஆனா அது ஆய்வுக்கூடத்துல நடந்தது, குடுக்கறதா இருந்தாலும் நரம்புல ஏத்துற மருந்துதான், டாக்டர் முடிவு பண்ண வேண்டிய சங்கதி, இந்தத் தூள் மூத்திரத் தொற்றுக்கு" என்றால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். செய்தியையே பொய் என்று தள்ளினால் அவர் உங்களை நம்பமாட்டார். நம்ப வேண்டிய காரணமும் இல்லை.

பிறகு அவருக்கு உண்மையில் என்ன செய்கிறது என்று கேளுங்கள். வெறும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் என்றால், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொடுத்து, பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பாட்டிலைக் காட்டியே சொல்லுங்கள். அரைப் பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். உப்பு கூடிப்போய்க் குழந்தையின் நிலை மோசமாகும். 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களும் கடைகளில் இருப்பதால், எது எவ்வளவு தண்ணீருக்கு என்பதை உறையில் பார்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் உண்டு. மலத்தில் இரத்தம் இருந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ கழிச்சலை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இரத்தக் கழிச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, கண் செருகுதல், பேச்சு தடுமாறுதல், கழுத்து விறைத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பட்டியலை நீங்கள் மறந்தாலும் இன்னொன்றை மறக்கக்கூடாது: கருவுற்ற பெண்ணுக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்து, வயிற்றுப்போக்கு இல்லாமலே இருந்தாலும், பாரசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். தாய்க்கு ஃப்ளூ போன்று இலேசாகத் தோன்றும் லிஸ்டீரியா, கருச்சிதைவிலும் இறந்து பிறக்கும் குழந்தையிலும் முடியக்கூடும். இரத்தப் பரிசோதனையில் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் அது தெரியும்; அதற்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே இரத்தம் எடுக்கப்பட வேண்டும். நாம் அவசரப்பட்டுக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகள் அந்த ஒரே தடயத்தையும் அழித்துவிடலாம்.

அனுப்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் குறிப்பு எழுதிக் கொடுங்கள். எல்லைக்கு எந்தப் பக்கத்து மருத்துவர் பார்ப்பார் என்பது தெரியாததால், தமிழில் மட்டும் எழுதாமல் ஆங்கிலத்திலும் எழுதுவது நல்லது. காய்ச்சல் தொடங்கிய நாள், எத்தனை மாதக் கரு, சென்ற இரண்டு மாதங்களில் காய்ச்சாத பாலோ குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்காமல் உண்ட இறைச்சியோ சீஸோ உண்டா, பென்சிலின் ஒவ்வாமை உண்டா, ஏற்கெனவே விழுங்கிய மாத்திரைகள் எவை என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். மாத்திரையின் பெயர் அவருக்கு நினைவில்லை என்றால், வீட்டில் கிடக்கும் ஸ்ட்ரிப்பை, காலியாகிவிட்டிருந்தாலும், மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.